மண்டபத்தில் வந்த சிரிப்பு

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி மனைவியும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆனால் வழியில் ஒன்றையும் பார்த்த நினைவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? முழங்கால் வீக்கம் வடிந்ததா?

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி சொல்ல வேண்டியது.

அக்கா, நான் ஏன் சிரித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தானைக் கிடத்தியிருந்த அந்த மண்டபத்துக்குள் நுழையும்போது எனக்கு நெஞ்சு கனத்துத்தான் இருந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் அத்தானின் தங்கை. நீ எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "போயிட்டாருடா" என்றாய். அது காதில் விழுந்ததும் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. அழுகைதான் வருகிறது என்று நினைத்து நானும் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. அடக்க அடக்க இன்னும் பெரிதாக வந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. என் மனைவி தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனாள். கார்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்று சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். உன் "ஹலோ"வைக் கேட்டதும் மறுபடியும் அதே சிரிப்பு. நீ உடனே வைத்துவிட்டாய். வைத்தது சரி. அதனால்தான் கடிதம். தாளில் சத்தம் கேட்காது அல்லவா?

முப்பது வருடம் வானொலியில் ஏழரை மணிச் செய்தி வாசித்தவன் நான். ரயில் கவிழ்ந்ததையும் கப்பல் மூழ்கியதையும் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்திருக்கிறேன். என் குரல் நான் சொன்னபடி கேட்டது. எழுபது வயதில் இப்போது அது யார் பேச்சைக் கேட்கிறது என்று புரியவில்லை.

என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

கடிதம் வந்தது. நான் சௌக்கியம். முழங்கால் பரவாயில்லை. நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அத்தானைப் பற்றி அரை நிமிடம் பேசிவிட்டு மீதி நேரமெல்லாம் உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்காதவர்களுக்கு என் நாத்தனாரே எடுத்துக் கொடுக்கிறாள். "எங்க அண்ணன் அங்க கிடக்கறாரு, இவங்க தம்பி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு" என்கிறாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அத்தானின் டிரைவிங் ஸ்கூலை அவரிடம் வேலை பார்த்த பயிற்சியாளரே எடுத்து நடத்துகிறார். இரண்டு கார்களும் வழக்கம்போலக் காலையில் கிளம்பிப் போகின்றன.

நீ ஏன் சிரித்தாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் காரணம் சொல்ல வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலைமுடி நரைக்கிற வரை காதைக் கொடுத்து வேலை பார்த்தவள் நான். எது நிஜச் சிரிப்பு, எது பொய்ச் சிரிப்பு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம். போன் வேண்டவே வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கோபித்துக்கொண்டால் கிழித்துப் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி. உன் நலத்தைக் கேட்டால் "சௌக்கியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். அந்தச் சொல்லை நான் நம்பவில்லை.

போன வாரம் முடி வெட்டப் போனேன். கடைக்காரர் துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு, "எவ்வளவு சார் குறைக்கணும்?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். தேம்பித் தேம்பி அழுகிறேன். அவர் கத்தரியை வைத்துவிட்டு, "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தில் பாதி நுரையோடு எழுந்து வந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் உன் தம்பி மனைவி காய் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டாள். ரத்தம் சொட்டுகிறது. நான் பஞ்சைத் தேடிக்கொண்டே சிரிக்கிறேன்.

அழும்போது எனக்குத் துக்கம் இல்லை அக்கா. சிரிக்கும்போது சந்தோஷமும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் அழுதுகொண்டே இருந்தால், இத்தனை அழுகைக்கு ஏதோ ஒரு துக்கம் இருக்கத்தான் வேண்டும் என்று மனசு தேட ஆரம்பித்துவிடுகிறது. இந்த வயதில் தேடினால் கிடைக்காத துக்கமா? உள்ளே கையை விட்டதும் ஒன்று அகப்படுகிறது. அப்புறம் அதற்காக நிஜமாகவே அழுகிறேன்.

மண்டபத்துச் சிரிப்புக்கும் அப்படித்தான் தேடிப் பார்த்தேன். ஒன்று அகப்பட்டது. அதனால்தான் பயப்படுகிறேன்.

அத்தானை எனக்குப் பிடிக்காது. என் செய்தி வந்தாலே, "ஏழரை வந்துட்டான், குறை குறை" என்று ரேடியோவைக் குறைக்கச் சொல்வாராமே. "சாவைக்கூட மளிகைக் கணக்கு மாதிரி படிக்கறான்" என்பாராமே. அதற்காக இல்லை. கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். நீ பாத்திரத்தின் மூடியைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிக்கொண்டாயே, அதற்காகப் பிடிக்காது. எங்கள் வீட்டில் வந்து தங்கும்போதும் இரண்டு விரலால் மூடியைப் பிடித்து, ஏதோ குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி வைப்பாய். உன் தம்பி மனைவி ஒரு தடவை, "அண்ணி, இங்க யாரும் தூங்கலை" என்றாள். நீ அடுத்த மூடியையும் அப்படியே வைத்தாய்.

அதனால்தான் கேட்கிறேன். அன்றைக்கு நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேனா? உனக்குத்தான் காது உண்டே, நீயே சொல்.

உன் தம்பி


மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இவர் கடிதம் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். திரும்பி வந்து உட்கார்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை அண்ணி.

நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் பொடிப்பொடியாக அடைப்புகள் வந்திருக்கின்றனவாம். எப்போது வந்தன என்று நமக்கே தெரியாமல் வந்து போகுமாம். டாக்டர் சொன்னார்: "சிரிப்பு, அழுகை இதையெல்லாம் பிடிச்சு நிறுத்தறதுக்கு ஒரு பிரேக் இருக்கும்மா. சாருக்கு அந்த பிரேக் தேஞ்சு போச்சு. சின்னதா ஒரு தூண்டுதல் போதும், வண்டி ஓட ஆரம்பிச்சுடும். எந்தப் பக்கம் ஓடும்னு அதுக்கே தெரியாது." மாத்திரை கொடுத்திருக்கிறார். முழுக்கச் சரியாகாது, குறையும் என்றார்.

எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இவர் விடவில்லை. "டாக்டர், எங்க அத்தான் செத்த அன்னிக்குச் சிரிச்சேன். அப்ப நான் உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்தேனா, இல்லையா?" என்று கேட்டார். டாக்டர், "அது ஸ்கேன்ல தெரியாது சார்" என்றார். "பின்ன வேற எதுல தெரியும்?" என்றார் இவர். வீட்டுக்கு வந்தும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் பாட்டைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் இவர் அழ ஆரம்பித்தால் ஓடிப் போய் அணைத்துக்கொள்வேன். இப்போது, "நிஜமா, சும்மாவா?" என்று கேட்கிறேன். "தெரியலை"ன்னு சொல்கிறார். தெரியலைன்னா அணைச்சுக்கறதுன்னு வச்சிருக்கேன்.

ஒரே ஒரு வரி இவருக்கு எழுதுங்கள் அண்ணி. இது வியாதி என்று இப்போது தெரிந்துவிட்டதே.

உங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி மனைவி


ஜூன் 14

என் அருமைத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். தலைக்குள் அடைப்பு என்று உன் மனைவி எழுதியிருந்தாள். (அவளைத் திட்டாதே. நல்ல பெண். நாம் இருவரும் சேர்ந்தாலும் அவளுக்கு ஈடாக மாட்டோம்.) மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. சாப்பிட்டதும் மயக்கம் வருகிறதா? தனியாக மாடிப்படி ஏறாதே.

நாத்தனாரிடம் சொன்னேன். "ஓ, வியாதியா?" என்றாள். நம்பினாளா, இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

அந்த டாக்டர் கெட்டிக்காரராகத் தெரிகிறது. அவரிடம் சில விஷயங்கள் கேட்டுச் சொல். இது குடும்பத்தில் பரவுமா? வயதானவர்களுக்கு மூளை தேயும்போது உன்னைப்போல அளவுக்கு மீறி வருவது ஒரு வகை என்றால், ஒன்றுமே வராமல் போவது என்று இன்னொரு வகை உண்டா? எனக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறாள், என் வயதுதான். வீட்டில் ஒரு பெரிய இழப்பு. அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். படுத்தவுடன் தூங்கிவிடுகிறாள். காலையில் எழுந்ததும் முதலில் ஒரு லேசான உணர்வு வருகிறதாம். அப்புறம்தான் இழப்பு நினைவுக்கு வருகிறதாம். வந்தும் அந்த லேசு போவதில்லையாம். பாவம், ரொம்பக் குழம்பிப் போயிருக்கிறாள். தலைக்குள் ஏதோ அணைந்துவிட்டதோ என்று பயப்படுகிறாள்.

மறக்காமல் கேள்.

அன்புடன்,
அக்கா

நீ கேட்டிருந்த கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. தெரியும்.


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதேன். இந்த முறை உன் தம்பி மனைவி கேட்பதற்கு முன்பே, "நிஜம்தான்" என்று சொல்லிவிட்டேன். மாத்திரையால் வாய் உலர்ந்து போகிறது, மற்றபடி தொந்தரவு இல்லை. உன் முழங்கால், ரத்த அழுத்தம் இரண்டைப் பற்றியும் தனித்தனியாக எழுது. சேர்த்து "சௌக்கியம்" என்று எழுதாதே.

உன் தோழியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். பரவுகிற வியாதி இல்லையாம். ஒன்றுமே வராமல் போவதும் உண்டாம். அப்படி இருந்தால் எதிலும் நாட்டம் இருக்காதாம். சோற்றை வைத்தால் சாப்பிடுவார்கள், வைக்காவிட்டால் கேட்க மாட்டார்கள். பேரன் வந்தாலும் ஒன்றுதான், பூனை வந்தாலும் ஒன்றுதான். துக்கம் மட்டும் இல்லை, சந்தோஷமும் சேர்ந்து போயிருக்கும். "அந்தம்மாவுக்கு எதுலயாவது ஆசை இருக்கா, எதையாவது ரசிக்கறாங்களா, அதைக் கேட்டுட்டு வாங்க" என்றார். எனவே கேட்டு எழுது.

என் கதை இதுதான்: முன்பு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வந்தது இப்போது இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வராதபோதுதான் அதிகம் குழம்புகிறேன். நேற்று என்னோடு வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முகம் அப்படியே இருந்தது. மாத்திரையின் வேலையா, எனக்கே ஒன்றும் தோன்றவில்லையா? கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன். அங்கேயும் பதில் இல்லை. செய்தி வாசிக்கிறவன் முகம் மாதிரி இருந்தது.

உன் தம்பி


ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் மறந்துவிடுகிறது. தனித்தனியாக எழுதிவிட்டேன், போதுமா? உன் ஒலிப்பதிவாளர் நண்பருக்காக வருந்தினேன்.

அந்த அம்மாளிடம் கேட்டேன். ஆசை இருக்கிறதாம். அதுதான் பிரச்சினையே. ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கேட்கிறாள். கட்டிலை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டாள். அந்த இடத்தில் கட்டில் போட்டால் வெளிச்சம் முகத்தில் அடிக்கும் என்று அவளுடைய கணவர் விடவே மாட்டாராம். இப்போது முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது. அவளுக்கு அது பிடித்திருக்கிறது. போதாக்குறைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், இந்த வயதில்! பயிற்சியாளர், "அம்மா, லைசென்ஸ் கிடைக்கறது கஷ்டம்" என்றாராம். "லைசென்ஸ் யாருக்கு வேணும்? இந்த மைதானத்தைச் சுத்தி வந்தா போதும்" என்றாளாம். கணவர் ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "உனக்கு வலது இடதே தெரியாது" என்று சொல்லி இவளை மட்டும் முன் சீட்டில் உட்காரவிட்டதில்லை.

ஆனால் ஒன்று. சில நேரம் சமையலறையில் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றுவிடுகிறாள். உள்ளேயிருந்து, "என்ன சத்தம் அங்க?" என்று குரல் வரப்போகிறது என்று காது தானாகக் கூர்மையாகிறது. வரவில்லை. யாருமில்லை என்று தெரிந்ததும் வேண்டுமென்றே மூடியைத் தூக்கி டணார் என்று போடுகிறேன். அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடங்கினதும் அந்த வீடு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. அது துக்கமா? துக்கம் என்றால் எனக்குத் தெரியும், அம்மா போனபோது வந்ததே. இது அது இல்லை. சந்தோஷமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்னமோ ஒன்று.

டாக்டரிடம் இதைச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலமும் குழப்பமும் பாதிப் பாதி. நீயும் அப்படித்தான் இருப்பாய்.

உன் கடிதத்தின் நடுவில் "அவள்" என்று தொடங்கிய பேச்சு வேறு மாதிரி முடிந்திருந்தது. கையில் வந்த தாளில் உள்ளதை உள்ளபடி வாசித்துத்தான் எனக்குப் பழக்கம். அப்படியே வாசித்துவிட்டேன்.

டாக்டர், நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார். உன் தோழியை இங்கே கூட்டிக்கொண்டு வா. அவளுக்குத் துணையாக நீ வருவதாக நினைத்துக்கொள். உன் தம்பி மனைவி இப்போதே ஒரு கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டாள்.

உன் தம்பி


செப்டம்பர் 16

என் அருமைத் தம்பிக்கு,

நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும். நான் வருகிறேன். அந்த அம்மாள் வரவில்லை. அவள் இனி எங்கும் வர மாட்டாள்.

நீ ஏப்ரலில் ஒரு கேள்வி கேட்டாய். உனக்குத்தான் காது உண்டே, நீயே சொல் என்றாய். சொல்கிறேன். நான் கேட்டது நிஜச் சிரிப்புதான். ஆனால் எங்கேயிருந்து வந்தது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

காலையிலிருந்து எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் அழாம இருக்கா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. "அதிர்ச்சி" என்று இன்னொருவர் பதில் சொன்னதும் விழுந்தது. எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததில் பசிதான் இருந்தது. நீ வந்தால் அழுகை வந்துவிடும் என்று நம்பித்தான் எழுந்து வந்து உன் கையைப் பிடித்தேன். நீ சிரித்தாய். அந்த நொடியே என் தொண்டையிலும் அது ஏறியது. கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டேன். தோள் குலுங்குகிறது. நாத்தனார் ஓடி வந்து முதுகைத் தடவி, "அழுங்க அண்ணி, நல்லா அழுங்க, அப்பத்தான் பாரம் குறையும்" என்கிறாள். அவள் தடவத் தடவ எனக்கு இன்னும் சிரிப்பு.

எல்லாருக்கும் உன் சிரிப்பு தெரிந்தது. என் அழுகை தெரிந்தது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லையடா. உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. போனில் நீ சிரித்தபோது எங்கே நானும் ஆரம்பித்துவிடுவேனோ என்றுதான் வைத்தேன்.

அத்தான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதெல்லாம் சுலபம். எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்துகொண்டு, "போர்வையை இப்படியா போத்திக்குவாங்க?" என்பார்.

உன் சிரிப்புக்கு டாக்டர் ஒரு பெயர் வைத்துவிட்டார். என் சிரிப்புக்கும் ஒரு பெயர் வைக்கட்டும். அது போதும் எனக்கு.

அடுத்த வாரம் பஸ் ஏறுகிறேன்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். முகம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் உள்ளே இருந்தது. பெயர் தெரியவில்லை. ஸ்கேன் இல்லாமலே இருந்தது தெரிந்தது.

பஸ் நிலையத்தில் நிற்பேன். உன்னைப் பார்த்ததும் நான் அழுதாலும் சிரித்தாலும் பெட்டியை மட்டும் கையில் கொடுத்துவிடு.

உன் தம்பி


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே தின்று தின்று பருத்துவிட்டேன், அது ஒன்றுதான் குறை.

டாக்டர் அறையில் நடந்ததை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நீ சிரிக்க ஆரம்பித்ததால் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாய். "ஒண்ணுமில்லையாம்" என்று மட்டும் வந்து சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

டாக்டர் என் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேராக மாட்டிவிட்டு, "வயசுக்கு ஏத்த மாதிரி லேசாச் சுருங்கியிருக்கு. வேற ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு" என்றார்.

"நல்லாப் பாருங்க டாக்டர். ஒரு சின்ன அடைப்புகூட இல்லையா?"

"இல்லம்மா. அதுக்கு எல்லாரும் சந்தோஷப்படுவாங்க."

"அப்ப இது நான்தானா?"

அவர் சீட்டில் ஏதோ எழுதப் போனவர் எழுதாமல் பேனாவை மூடினார். "வயசானா சில பேருக்கு மனசு வேகறது குறையும்மா. கெட்டதை நினைச்சு நினைச்சு உருகறது குறைஞ்சு, முன்னாடி இருக்கற நல்லதுமேல கவனம் போகும். அது மூளை மாறறதாலயா, பட்டுப் பட்டுத் தெளியறதாலயான்னு எங்களுக்குள்ளயே சண்டை. நீங்க சாப்பிடறீங்க, தூங்கறீங்க, வண்டி ஓட்டறீங்க. நான் எதுக்கு மருந்து எழுத?" என்றார்.

பெரிய ஏமாற்றமாக இருந்தது எனக்கு. ஒரு வியாதியை எதிர்பார்த்து இத்தனை தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன்!

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவளே பேச்சை எடுத்தாள். "அண்ணி, உங்க தம்பிக்கு நிஜமாவே வியாதிதான்னு இப்பத்தான் நம்பறேன். எங்க வீட்டுப் பக்கத்துல ஒருத்தருக்கு அப்படியே இருக்கு. நான்கூட அவர் மனசாரச் சிரிச்சாருன்னு நினைச்சு இத்தனை மாசமா வயிறெரிஞ்சுக்கிட்டு இருந்தேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். "பரவால்லம்மா" என்று ஒரு வார்த்தை போதும், உன் பெயர் துலங்கியிருக்கும், என் பெயர் எப்போதும்போல இருந்திருக்கும். என் வாய் கேட்கவில்லை.

"அவனுக்கு வியாதிதான். எனக்குத்தான் வியாதி இல்லையாம்" என்றேன்.

"உங்களுக்கென்ன?"

"அன்னிக்கு நீ என் முதுகைத் தடவிக்கொடுத்தியே, அப்ப நான் அழலை. சிரிச்சேன்."

அவள் கோப்பையை வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல் வரைக்கும் போனாள். அங்கேயே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பாமலே, "இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள். வெளிச்சம் போயிற்று. விளக்கைப் போட நான் எழுந்தபோது, "போடாதீங்க, கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள். கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரேன்" என்றாள்.

திட்டுவதற்கா, வேறெதற்காவதா, எனக்குப் புரியவில்லை. எதற்காக இருந்தாலும் வரட்டும் என்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பால் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாத்திரையை விடாதே. அவளை அதிகம் வேலை வாங்காதே.

என்றும் உங்கள்,
அக்கா